பெரிய வியாழனின் பன்னிரண்டாவது ஆள்

"காலை நீட்டுங்கம்மா" என்றாள் முதியோர் இல்லப் பணிப்பெண். சந்தன சோப்பின் வாசனை என்னை எண்பதுகளின் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனது.

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, போதகரான அப்பா பன்னிரண்டு ஆண்களின் கால்களைக் கழுவுவார். ஒரு வருடம் மல்லாட்டை எனும் வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுச் சேற்றுக்காலோடு வந்து உட்கார்ந்தார் கூலிக்காரர் தாவீது.

"இன்னாய்யா இது? ஜல்தி குழாயாண்ட போய் கழுவிக்கினு வா" என்றார் அப்பா.

"நானே கழுவிட்டா நீங்க இன்னாத்த கழுவுவீங்க ஐயா?"

குழாய்க்குப் போனவர் திரும்பவில்லை; பதினொருவரே மிஞ்சினர். முறைப்படி பெண்கள் உட்காரக் கூடாது. முறையைவிட எண்ணிக்கை பெரிதென்று அப்பா அப்போது இருபத்தைந்து வயதான என்னை உட்காரவைத்தார். பவுடர் பூசிய என் பாதத்தைப் பிடித்தபடி, புகைப்படக்காரர் தயாராகும்வரை குனிந்தே இருந்தார். தாவீது வருவாரா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த இல்லத்தில் படமெடுக்க யாருமில்லை. என்னைப் பார்க்க வருவோரும் இல்லை. இந்தப் பெண் விரலிடுக்குவரை கழுவுகிறாள்.