ஸ்ரெல்லா அக்காவின் தொங்கும் முனை

குருநகரில் கிழிந்த மீன்வலை பொத்துவதில் ஸ்ரெல்லா அக்காவை மிஞ்ச ஆளில்லை. அவர் பொத்திய வலையில் ஒரு நூல்முனைகூடத் தொங்காது. வலையோடு நின்றால் பரவாயில்லை. என் சட்டைக் கையில் நூல் பிரிந்திருந்தால் கோயில் வாசலிலேயே பிடித்து நிறுத்திப் பல்லால் கடித்து எடுத்துவிடுவார். கோயிலில் ஞாயிறு பூசைக்கு அவர் ஒர்கன் வாசிக்கப் பக்கத்தில் நின்று பாடுகிறவள் நான். பட்டதைச் சொல்கிறேன்.

போன கோயில் பெருநாளுக்கு முன்பு அந்த ஒர்கனின் குரல் உப்புக்காற்றில் போய்விட்டது. கட்டைகள் நன்றாகத்தான் இருந்தன, சத்தம்தான் இல்லை. பாடகர் குழுத் தலைவர் இன்னாசித்தம்பி அண்ணை, "ரவுணிலை இருந்து ஒரு பாண்ட் செற்றைப் பிடிப்பம், வாசிக்கிற ஆளும் அவங்களே கொண்டுவருவாங்கள்" என்றார். குமரியாக இருந்த காலத்திலிருந்து தான் உட்கார்ந்த கதிரையில் வேறொருவனா? ஸ்ரெல்லா அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கனடாவிலிருக்கும் அவருடைய பெறாமகன், தங்கையின் பிள்ளை றொகான், போனில் ஒரு வழி சொன்னான். ஒர்கனை வயரால் கணினியில் பூட்டி, திரை முழுக்கப் பெட்டி பெட்டியாகப் போட்டு, ஒன்றையொன்று கோட்டால் இணைத்தால் இசை பிறக்குமாம். கட்டையை அமத்தினால் ஒரு பெட்டி அதை வாங்கும், அடுத்தது சுரமாக்கும், இன்னொன்று சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அக்கா யூரியூப்பில் பாடம் பார்த்தார். இங்கிலீஷ் விளங்குதோ என்று கேட்டேன்.

"கதை ஆருக்கு வேணும்? கோடு எங்கை போகுதெண்டு பாத்தாக் காணும்."

முதலில் வந்தது கொசு இரைவதுபோல ஙொய் என்ற சத்தம் மட்டும்தான். அவர் கணவர் செல்வரட்ணம் அண்ணை கடலுக்குப் போய்வந்து படுத்த இடத்திலிருந்து, "நுளம்புத்திரி கொளுத்தவோ?" என்பார். அக்கா விடவில்லை. ஒருநாள் உண்மையாகவே ஒர்கன் கேட்டது. பெரிய கோயிலில் கேட்பதுபோல இருக்கவேண்டுமென்று கடைசியாக எதிரொலிக்கு ஒரு பெட்டி போட்டார். அதிலிருந்து இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு முனைகள் வெளியே வந்தன. எங்கள் கோயிலிலோ ஒரேயொரு ஸ்பீக்கர். ஒரு முனை அதற்குப் போனது, மற்ற முனை திரையில் சும்மா தொங்கியது.

ஒத்திகையில் முதல் பாட்டு அருமை. இன்னாசித்தம்பி அண்ணையே தலையாட்டினார். பிறகு நாங்கள் பிளேன்ரீ குடிக்கப் போனோம். அந்த இடைவெளியில் அக்காவின் கை சும்மா இருக்குமா? தொங்கிய முனையை இழுத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியிலேயே கொண்டுபோய்க் கட்டிவிட்டார்.

அடுத்த பாட்டுக்குக் கட்டையைத் தொட்டதுதான் தாமதம். போன சத்தம் திரும்பி உள்ளே வந்து, பெருத்து, மறுபடி வந்து, இன்னும் பெருத்து ஊளையிடத் தொடங்கியது. கோபுரத்துப் புறாக்கள் கிளம்பின. பங்குச் சுவாமியார் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார். இன்னாசித்தம்பி அண்ணை ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கி, "பாண்ட் செற்றுக்கு இண்டைக்கே சொல்லிப்போடுறன்" என்றார்.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. பிழை விட்ட வலையைப் பிரிப்பதுபோலக் கடைசியில் கட்டிய கோட்டிலிருந்து பிரிக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டை எடுத்துவிட்டு, பிளக்கைத் திரும்பச் செருகிக் கட்டையைத் தொட்டதும் ஊளை இல்லாமல் ஒர்கன் சாதுவாக வந்தது.

"அப்ப இதைத் தொங்கத்தான் விடோணுமோ?" என்று என்னைக் கேட்டார், பிள்ளையைத் தெருவில் விடச் சொன்னதுபோல.

"விடுங்கோ அக்கா. கதிரை வேணுமெண்டால் விடுங்கோ."

இன்னாசித்தம்பி அண்ணை ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டார். "சரி, பாப்பம்" என்றார்.

பெருநாளன்று அக்கா திரையின் அந்த மூலையில் ஒரு அந்தோனியார் படத்தை ஒட்டிவைத்திருந்தார். பக்தி என்று சுவாமியார் மகிழ்ந்தார். முனை கண்ணில் படக்கூடாது என்பதற்காக என்று எனக்குத்தானே தெரியும். கோயில் நிறையச் சனம், எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். ஊளை ஒன்றும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு இன்னாசித்தம்பி அண்ணை ஓட்டோவில் இன்னொரு ஸ்பீக்கரோடு வந்து இறங்கினார்.

"ஸ்ரெல்லா, உந்த முனையையும் இனிக் கட்டு."

அக்கா அந்தோனியாரை மெல்ல உரித்தெடுத்தார். கோட்டை இழுத்துக் கட்டினார். பிறகு எல்லோருக்கும் முன்னால் விம்மி அழுதார். கண்ணைத் துடைத்த சேலைத் தலைப்பில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. அவர் அதைக் காணவேயில்லை. நான்தான் குனிந்து பல்லால் கடித்து எடுத்தேன்.