கையெலும்புக் கட்டியும் மல்லாவி மாமியும்

மல்லாவி மாமி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் என் மேசையில் வைத்த கறுப்புக் குடைதான். மாரிக்காலம். மேசை முழுக்க நோயாளர்களின் கட்டில் ரிக்கற்றுகள், அவர்களின் வருத்தமும் வைத்தியமும் எழுதிய தாள்கள். மை கரைந்துவிடுமே என்று பதறிப்போய்க் குடையைத் தூக்கினேன். "அதை விடு பிள்ளை, கடுதாசி காயும். என்ர மோன்ர கலியாணம்தான் நனைஞ்சுபோய்க் கிடக்கு" என்றார். மல்லாவி ஊரிலிருந்து வந்திருந்தார்; அதற்கு முன் அவரை நான் கண்டதே இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில், வன்னியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பதிவறையில் வேலை செய்தேன். வீட்டுக்குப் போன நோயாளரின் ரிக்கற்றைப் படித்து, அந்த நோய்க்குரிய இலக்கத்தைத் தடித்த புத்தகமொன்றில் தேடி, மேல் மூலையில் எழுதவேண்டும். 'வருத்தத்துக்கு இலக்கத்தகடு அடிக்கிற உத்தியோகம்' என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் எலும்புக் கட்டி என்று ஒரு ரிக்கற் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். எலும்பில் வரும் புற்றுநோய்க்கு நூற்று எழுபது. ஆபத்தில்லாத கட்டிக்கு இருநூற்றுப் பதின்மூன்று. மேற்கை எலும்பென்றால் இரண்டுக்கும் பின்னால் ஒரு புள்ளியும் நாலும். வெட்டியெடுத்த துண்டு கொழும்புக்குப் போய், பரிசோதனை அறிக்கை திரும்பி வரும்வரை இரண்டில் எது என்று டொக்டருக்கே தெரியாது. அதுவரை அந்த மூலையை நான் வெறுமையாகவே விட்டுவைப்பேன். தெரியாததை எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல் என்பது என் பிடிவாதம்.

பதிவறை பொறுத்திருக்கலாம், நோயாளி பொறுத்திருக்க முடியாதே. அறிக்கை வருமுன்னரே காயம் ஆறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். போகும்போது கையில் ஓர் அட்டை கொடுப்போம். அதில் ஆங்கிலத்தில், எந்தக் கட்டிக்கும் பொதுவான 'ரியூமர்' என்ற ஒரே ஒரு சொல் இருக்கும். எங்கள் சனத்துக்கு அந்த அட்டையைப் பெட்டிக்குள் வைக்கத் தெரியாது. ஊரில் இங்கிலிசு தெரிந்தவர் யாரோ அவரிடம் நேரே கொண்டுபோவார்கள். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலோடு நோயாளிக்குக் கான்சர் வந்துவிடும்.

மாமியின் மகனுக்குப் பேசியிருந்த பெண்ணுக்கும் அதுதான் நடந்திருந்தது. இடது மேற்கையில் முண்டாக ஒன்று வளர்ந்து, எங்கள் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். அறிக்கைக்கு வரச்சொன்ன நாளில் சண்டையால் பாதை பூட்டு, பஸ் இல்லை. அதற்குள் ஊரில் அட்டையை வாசித்தாகிவிட்டது. பயந்துபோன தகப்பன் பிறகு அவளை இந்தப் பக்கம் அனுப்பவே இல்லை. அவர்கள் எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக் காணியில் நெல் விதைக்கும் மாமியின் சொந்தக்காரருக்கு, தோட்டத்துச் சனத்தோடு செய்யும் அந்தச் சம்பந்தமே தொண்டையில் முள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தமாதிரி இந்தக் கதை கிடைத்தது. கலியாணத்தை நிற்பாட்டு என்று மாமியைப் பிடுங்கி எடுத்தார்கள்.

"உண்மையைச் சொல்லு. அவளுக்குக் கான்சரோ?" என்று மாமி என்னிடம் கேட்டார்.

அறிக்கை வந்திருந்தது. இருநூற்றுப் பதின்மூன்று என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். என் புத்தகத்தில் அவள் சுகதேகி. ஊரில் அவள் சாகக் கிடக்கிறவள். ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். ஆனால் ஒருவரின் ரிக்கற்றில் உள்ளதை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது. இன்றைக்கு நல்ல செய்தி என்று வாயைத் திறந்தால், நாளைக்குக் கெட்ட செய்தி கேட்டு வருகிறவருக்கு என் மௌனமே பதிலாகிவிடும்.

"சொல்லேலாதம்மா. அந்தப் பிள்ளையைக் கெதியாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. டொக்டர் சொல்லுவார்."

"நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியோ? நாளைக்கு என்ர மருமோள்!"

"நாளைக்குத்தானே அம்மா."

என்னுடைய அந்த வாய்க்கு இரண்டு அறை போட்டிருக்கலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்கள் நிறைந்துவிட்டன. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சட்டத்தைக் காப்பாற்றினேன்தான். இனி வரமாட்டார், சம்பந்தமும் முறிந்தது என்றே நினைத்தேன்.

அடுத்த கிழமை மாமியும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். பெண் மெல்லியவள், இடது கையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ரிக்கற்றை விரித்துவிட்டு, "இந்த அம்மா இருக்கேக்க சொல்லலாமோ, தங்கச்சி?" என்று கேட்டார். அவள் மாமியைப் பார்த்தாள்.

"மொதல்ல எனக்குச் சொல்லுங்க டாக்டர். அப்புறம் மாமிக்கு நானே சொல்றேன்."

மாமிக்குக் கோபம் வரப்போகிறது என்று நான் பயந்தேன். அவரோ, "அதுதானே முறை" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வாங்குப் பலகையில் இருந்துகொண்டார்.

இப்போது என் இரத்தப் பரிசோதனை முடிவு என் கைபேசிக்கே வருகிறது. கதவைப் பூட்டிக்கொண்டு நானே வாசிக்கிறேன். யாரும் வெளியே வாங்கில் காத்திருப்பதில்லை. வசதிதான், மறுக்கமாட்டேன். ஆனால் அப்படி வாசிக்கும்போதெல்லாம் அந்தப் பெண் டொக்டரின் அறையிலிருந்து வெளியே வந்த விதம் என் கண்ணில் நிற்கிறது. மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

"கான்சர் இல்லையாம் மாமி. எலும்புல சும்மா ஒரு முண்டு வளர்ந்திருந்திச்சாம். எடுத்தாச்சாம்."

மாமி அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் ஓடிப்போய், டொக்டர் தமிழில் எழுதி ஒப்பமும் முத்திரையும் வைத்த புது அட்டையை மாமியிடம் நீட்டினேன்.

"இந்தாங்கோ அம்மா. சொந்தக்காரருக்கு இதைக் காட்டுங்கோ. இனி ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

அவர் அதை வாங்கிப் பார்க்காமலே பெண்ணின் மடியில் வைத்தார். "இது உன்ர. நீ வைச்சிரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கேன் பிள்ளை கடுதாசி? அண்டைக்கு நீ வாய் திறக்காமல் இவளைக் கூட்டிக்கொண்டு வா எண்டவுடன, கான்சர்தான் எண்டு நினைச்சு வழி முழுக்க அழுதுகொண்டுதான் போனனான். விடிஞ்சதும் கடைக்குப் போய் இவளுக்குக் கலியாணக் கூறைச் சீலை எடுத்துப்போட்டன்."