ஏரிக்கரை ஏறிய கரி பஸ்

அந்த வருஷம் பெட்ரோல் கப்பல் வரும் கால்வாயை மூடிவிட்டார்கள். எங்கோ எகிப்து பக்கம் சண்டை. திருத்தணியில் என் பஸ் நின்றது.

முதலாளிக்கு இரண்டு பஸ். ஒன்று புதுசு, சித்தூர் போகும். இன்னொன்று நான் ஓட்டிய பழசு, பொதட்டூர்பேட்டை போகும். பெட்ரோல் பங்கில் அளந்துதான் ஊற்றினார்கள். ஒரு பஸ்ஸுக்குத்தான் வந்தது. அது புதுசுக்குப் போனது. பஸ் நின்றால் டிரைவரும் நிற்க வேண்டியதுதான். எனக்கு வேறு வேலை தெரியாது. மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கப்புறம் ஸ்டியரிங்தான்.

"தை கிருத்திகை வரைக்கும் பாப்பம்ப்பா. அதுக்குள்ள பெட்ரோல் வரலன்னா இத பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடறேன்" என்றார் முதலாளி. கண்டக்டர் என் அக்கா புருஷன். பாவா என்று கூப்பிடுவேன். அவர் வெளியே வந்து, "இரும்ப அவன் வாங்குவான். நம்மள யார் வாங்குறது?" என்றார்.

அப்போது ஊரில் எங்கு போனாலும் எண்ணெய்ப் பேச்சுதான். மண்ணெண்ணெய்க் கடை முன்னால் பாட்டில்கள் வரிசையில் நின்றன. ஆள் நிற்கவில்லை, பாட்டில் நின்றது. அவரவர் பாட்டில் கழுத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல். நெசவுக்காரர்கள் கலர் நூல் கட்டினார்கள். மற்றவர்கள் வாழை நார்.

பஜார் முனையில் ஒருநாள் பொழுது சாயும் நேரம் கூட்டம் போட்டார்கள். மேசை, பெஞ்சு, கம்பத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ். முதலில் பேசியவர் ஸ்கூல் வாத்தியார்.

"பூமிக்கடியில கோடி வருஷமா புதைஞ்சதுதான் இந்த எண்ணெய். நெல்லு மாதிரி வருஷா வருஷம் வெளையாது. எடுத்துகினே இருந்தா ஒருநாள் தீரும். கால்வாய் மூடினதுக்கே நாம தவிக்கிறோம். கெணறே வத்திட்டா இன்னா பண்ணுவோம்? இப்பவே யோசிக்கணும்."

மண்ணெண்ணெய்க் கடைக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். நல்ல உயரம். தலைநிறைய சுருட்டை முடி, எண்ணெய் வைத்து வாரி விட்டிருப்பார். அந்த முடி மேல் அவருக்கு ஒரு பெருமை.

"வாத்தியாரே, நேத்து இருந்துச்சு. நாளைக்கு கப்பல் வந்தா வரும். தீரும் தீரும்னு சொல்லிகினு ஜனத்த பயமுறுத்தாதீங்க. எண்ணெய் எங்கயும் தீராது!"

அவர் அதைச் சொல்லி முடிக்கவும் பெட்ரோமாக்ஸ் புஸ்ஸென்று மங்கியது. எண்ணெய் தீர்ந்திருந்தது. விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவர் அவர்தான். பஜாரே சிரித்தது.

"அரை பாட்டில்தான் ஊத்தினியா அண்ணே?" என்று யாரோ கத்தினார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சரி, தீருதுன்னே வெச்சிக்கலாம். அப்ப பஸ்ஸு எதுல ஓடும்? வாத்தியார் வாயில இருந்து வர்ற காத்துலயா?"

அப்போது நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. கூட்டத்தில் நான் பேசியதே கிடையாது. காது இரண்டும் சூடாகிவிட்டது.

"கரியில ஓடும்" என்றேன்.

யுத்த காலத்தில் கரி பஸ்ஸில் வேலை பார்த்தவன் நான். பஸ் பின்னால் ஆளுயர டிரம். அதில் அடுப்புக்கரி போட்டு அடியில் நெருப்பு வைப்போம். அந்தப் புகை ஒரு வடிகட்டி வழியாக என்ஜினுக்குப் போகும். புகையிலேயே பஸ் ஓடும். யுத்தம் முடிந்ததும் எல்லாரும் கழற்றிப் போட்டார்கள். எங்கள் முதலாளி போடவில்லை. ஷெட்டில் கோழி அடைக்க வைத்திருந்தார்.

"கரியில ஓடும், சரி. கூட்டத்த ஏத்திகினு ஏரிக்கரை ஏறுமா?" என்றார் கடைக்காரர். பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும்போது ஊருக்கு முன்னால் ரோடு ஏரிக்கரை மேல் ஏறும். பெட்ரோலிலேயே முக்கும். அது ஊருக்கே தெரியும்.

"ஏறும்."

"தை கிருத்திகைக்கு பொதட்டூர்பேட்டை காவடியெல்லாம் ஏத்திகினு வா. கரை ஏறிட்டா நான் மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கறேன்!"

கூட்டம் ஓவென்றது. முதலாளியும் அங்கே இருந்தார். என்னைக் கையால் கூப்பிட்டார். "உச்சிகால பூசைக்குள்ள காவடிங்க மலைக்கு போயிடணும். போச்சுன்னா பஸ்ஸு உன்னுது மாதிரி, ஓட்டிகினே இரு. போகலன்னா இரும்புக்காரன்தான்" என்றார்.

"ஆங்" என்றேன்.

டிரம்மிலிருந்து கோழியை விரட்டவே அரை நாள் ஆனது. உள்ளே ஏழு முட்டை. பாவா அதை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து கரண்டியோடு உள்ளே இறங்கினார். துருவைச் சுரண்டினோம். ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தோம். வடிகட்டி டப்பாவில் புதுத் தேங்காய் நார் அடைத்தேன். புகையில் வரும் தூசியையும் பிசுக்கையும் அந்த நார்தான் பிடிக்கும். நார் சுத்தமாக இருந்தால் பஸ் ஓடும். அவ்வளவுதான் விஷயம்.

கிருத்திகை அன்று விடியற்காலை டிரம்மில் உலை மூட்டினேன். பாவா நெருப்புக்குக் காற்றடிக்கும் ஊதுசக்கரத்தைச் சுற்றினார். கால் மணி நேரம். குழாய் வாயில் தீக்குச்சி காட்டினேன். நீலமாகப் பிடித்தது. நீலமாக எரிந்தால் புகை என்ஜினுக்குத் தயார்.

மலைக்கோயில் குருக்கள் எங்களோடு வந்தார். பொதட்டூர்பேட்டையில் காவடிக்குப் பூசை செய்து, அவர்களோடு திரும்புவதாக ஏற்பாடு. முன் ஸீட்டில் பூசைச் சாமானோடு உட்கார்ந்தார். வாத்தியாரும் சும்மா ஏறிக்கொண்டார். காலி பஸ், சுகமாகப் போனது. மூன்று இடத்தில் நிறுத்திக் கம்பியால் கரியைக் குத்திவிட்டேன். வேறொன்றும் இல்லை.

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் ஒன்றுகூட இல்லை. தெரு முழுக்க மஞ்சள் துணி. காவடிகள் வரிசையாக நின்றன. நான் டீ குடிக்கப் போனேன். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் தப்பு நடந்தது. எனக்கு அப்போது தெரியாது.

நாற்பத்தைந்து பேர் ஏறினார்கள். காவடிகளைக் கூரை மேல் கட்டினோம். ஆளுக்கொரு பையில் தேங்காய், பழம், பூ. "அரோகரா" என்றார்கள். கிளம்பினேன்.

பாதி தூரம் வரும்போதே என்ஜின் இருமியது. நிறுத்திக் குத்தினேன். சரியாகவில்லை. மெதுவாக உருட்டி வந்தேன். ஏரிக்கரை தெரிந்தது. கரை மேல் ஜனம். திருத்தணியே வந்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. நடுவில் குடை பிடித்துக்கொண்டு மண்ணெண்ணெய்க் கடைக்காரர். பக்கத்தில் முதலாளி.

ஏற்றத்தில் முன் சக்கரம் வைத்ததும் என்ஜின் இரண்டு தரம் குலுங்கி நின்றது. ஒரு பக்கம் ஏரி. தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. பாவா குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

கரை மேலிருந்து சிரிப்பு வந்தது. "இன்னாப்பா, கரி தீந்துட்சா?"

நான் வடிகட்டி டப்பாவைத் திறந்தேன். நார் கறுப்பாகக் களிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் வாசனை ஏறியது. நெய்.

"பாவா, யார் இதுல நெய் ஊத்தினது?"

பாவா குருக்களைப் பார்த்தார். குருக்கள் என்னைப் பார்த்தார்.

"காவடிக்கு பூசை ஆச்சுப்பா. வண்டியிலயும் அக்னி எரியறதேன்னு கண்டக்டர மூடியத் திறக்கச் சொன்னேன். அக்னிய வெறுமன விடக்கூடாது. ஹோமம் மாதிரி ரெண்டு மந்திரம் சொல்லி, ஒரு சொம்பு நெய், பொரி, கொஞ்சம் பூ..."

"ஒரு சொம்பா?"

"நல்ல பசு நெய்ப்பா."

"கெரசினுக்கு வரிசையில பாட்டிலு நிக்குது. இவரு நெய்ய ஊத்திகினு வந்திருக்காரு" என்றார் ஒரு நெசவுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெய்யும் பூவும் எரிந்து வந்த பிசுக்கு நாரை அடைத்துவிட்டது. புது நார் வேண்டும். ஏரிக்கரையில் நாருக்கு எங்கே போவது? சூரியன் ஏறிக்கொண்டிருந்தது.

பாவா என் காதில், "டேங்க்ல ஒரு பாட்டில் பெட்ரோல் கீது மச்சான். குழாயத் திருப்பிடு. யாருக்குத் தெரியும்?" என்றார்.

"வேணாம்" என்றேன்.

அப்போதுதான் பைகள் கண்ணில் பட்டன. நாற்பத்தைந்து பை. ஒவ்வொன்றிலும் ஒரு தேங்காய். ஒவ்வொரு தேங்காயிலும் குடுமி.

"தேங்கா குடுமிய பிச்சுக் குடுங்க" என்றேன்.

சாமிக்கு உடைக்கும் காய்க்குக் குடுமி இருக்க வேண்டும். குடுமி பிய்த்தால் கண் தெரிந்துவிடும். அதை யாரும் கோயிலுக்குக் கொண்டு போக மாட்டார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்.

ஒரு நெசவுக்கார அம்மா பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். "எம்மாம் பெரிய பேச்சு பேசற! புள்ளைக்கு காய்ச்சல் எறங்கணும்னு வேண்டிகினு எடுத்தாந்த காயி. மூளியாக்கி எட்த்தும்போயி சாமி முன்னால வெக்கவா?"

"வெக்காதம்மா. ஆனா பஸ்ஸு போகலன்னா காயும் போகாது, நாமளும் போகமாட்டோம்" என்றார் வாத்தியார்.

"நடந்து போறோம்!"

"இந்நேரத்துக்கு நடந்தா பூசை முடிஞ்சி நடை சாத்திடுவாங்க."

குருக்கள் கீழே இறங்கினார். முகம் சிவந்திருந்தது. அவருடைய தட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். குடுமியைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தார். என் கையில் வைத்தார்.

"நெய் ஊத்தினவன் நான். குத்தம் என்னோடது. குடுமி இல்லாத காய எல்லாம் இன்னிக்கு நானே வாங்கி உடைக்கிறேன். மேல யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். குடும்மா" என்றார்.

அந்த அம்மா பையிலிருந்து காயை எடுத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பிய்த்தாள். "இந்தா. ஓட்டலன்னா ஒன் குடுமிய பிச்சிடுவேன்" என்று என்னிடம் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஆளாளுக்குப் பிய்த்தார்கள். மடியில் நார் குவிந்தது. களியைச் சுரண்டி எறிந்தேன். புது நாரைக் கோதி அடைத்தேன். பாவா ஊதுசக்கரம் சுற்றினார். அவர் கை சோர்ந்ததும் வாத்தியார் சுற்றினார். வாத்தியார் வேட்டி கரியாகிவிட்டது. தீக்குச்சி காட்டினேன். நீலம்.

பாரம் குறையட்டும் என்று ஜனங்கள் தாமாகவே இறங்கி ரோட்டோரம் ஒதுங்கி நின்றார்கள். கரை மேலிருந்து கடைக்காரர் குடையை ஆட்டினார். "ஆள எறக்கிட்டு ஏத்தினா செல்லாது! பேச்சுன்னா பேச்சு!"

"எல்லாரும் ஏறுங்க" என்றேன்.

ஏறினார்கள். பாவா முன்னால் நின்று கைப்பிடி போட்டுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் பிடித்தது. கல்லை எடுத்தார். முதல் கியர். பஸ் நகர்ந்தது. ஆள் நடப்பதைவிட மெதுவாகத்தான் போனது. ஆனால் போனது. ஸ்டியரிங் என் கையில் துடித்தது. உள்ளே நாற்பத்தைந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைத் தூக்குவது மாதிரி இருந்தார்கள். பாதி. முக்கால். என்ஜின் சத்தம் தணிந்தது. நிற்கப் போகிறது என்று நினைத்தேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே இருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

முன் சக்கரம் சமதரையைத் தொட்டது.

"அரோகரா!" என்ற சத்தத்தில் ஏரிக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. கரை மேலிருந்தவர்கள் பஸ் பக்கத்திலேயே ஓடி வந்தார்கள். முதலாளி ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டார். "ஓட்டுப்பா! நிறுத்தாத நைனா, ஓட்டு!" என்று கத்தினார். அவர் என்னை நைனா என்று கூப்பிட்டது அன்றுதான்.

மலையடிவாரத்தில் காவடிகள் இறங்கிப் படியேறியதும் நான் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன். மலையில் உச்சிகால மணி அடித்தது. கேட்டேன். காவடிகள் முதல் வரிசையில் நின்றனவாம். மூளித் தேங்காய் எல்லாவற்றையும் குருக்களே உடைத்தாராம். பாவா வந்து சொன்னார்.

சாயங்காலம் மண்ணெண்ணெய்க் கடைக்காரர் வந்தார். மொட்டை. சந்தனம் தடவியிருந்தது. அடையாளம் தெரியவில்லை. சண்டைக்கு வந்தார் என்று நினைத்தேன்.

"கரி எங்க வாங்கறே?" என்றார்.

சொன்னேன். அடுத்த வாரமே அவர் கடை வாசலில் கரி மூட்டைகள் வந்து இறங்கின. "எண்ணெய் தீராதுன்னீங்க, இப்ப கரி விக்கிறீங்களே" என்று பாவா கேட்டார். "தலைமுடிய குடுத்து கத்துகினேன்ப்பா" என்றார் அவர்.

தினமும் கரியில் ஓட்டினேன். ஒரு டிரிப்புக்கு இரண்டு மூட்டை. வாத்தியார் ஒருநாள் முன் ஸீட்டில் உட்கார்ந்து, "ஒரு மூட்டைக்கு எவ்ளோ மரம்ப்பா?" என்றார். நான் மூட்டையைத்தான் எண்ணியிருந்தேன். "எல்லா பஸ்ஸும் கரியில ஓடினா இந்த மலையெல்லாம் கடைக்காரர் தலை மாதிரி ஆயிடும். எண்ணெயும் தீரும், இதுவும் தீரும்" என்றார். அதன் பிறகு ஓட்டும்போது ரோட்டோரம் பார்க்க ஆரம்பித்தேன். வேல மரங்கள் இருந்த இடத்தில் அடிக்கட்டை நின்றது.

கடைக்காரர் தலையில் முடி சீப்புக்கு வருவதற்குள் கால்வாய் திறந்துவிட்டது. பெட்ரோல் வந்தது. பாட்டில் வரிசை போனது. பஜாரில் கூட்டமும் போடவில்லை. வாத்தியார் மட்டும் பார்த்தவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நின்று கேட்க ஆளில்லை.

"அந்த டிரம்ம கழட்டிப் போட்டுடு" என்றார் முதலாளி.

கழற்றினேன். போடவில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவினேன். வடிகட்டியில் புது நார் வைத்தேன். கோழியும் ஏறக்கூடாது, குருக்களும் திறக்கக்கூடாது என்று மூடியைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.