வாசலில் நின்ற போலீஸ்

சிங்கப்பூரில் வெல்டராக இருக்கிறேன். போன மாதம் விடுமுறையில் மதுரை வில்லாபுரம் வீட்டுக்கு வந்திருந்தேன். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சிங்கப்பூர் எண்ணிலிருந்து வாட்ஸப் அழைப்பு வந்தது. கையெல்லாம் குழம்பு என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"கருப்பையாவா? இமிகிரேஷன் ஆபீஸ்லேருந்து பேசறோம்" என்றது ஒரு தமிழ்க் குரல். கருப்பையா என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அதுவும் இருப்பதால் சிங்கப்பூரில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதனாலேயே நம்பிவிட்டேன். என் வேலை பெர்மிட்டில் போலி ஆவணம் இருக்கிறதாம். போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை உடனே சொல்ல வேண்டுமாம், யாரிடமும் மூச்சு விடக் கூடாதாம். எண்ணும் வந்தது. வேலை போய்விடுமே என்ற பயத்தில் அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சீக்கிரம் கருப்பையா, உங்க ரூம் வாசல்லதான் போலீஸ் நிக்குது."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தார். போன் பக்கம் குனிந்து, "கருப்பையாதான் பேசுறேன் சார். வாசல்ல ஒருத்தரையும் காணோமே. வில்லாபுரத்துல எந்தத் தெருவுல நிக்கிறாக?" என்றார்.

அழைப்பு துண்டிக்கப்பட்டது. விமான நிலையத்தில் சோதித்து என்னை ஊருக்கு அனுப்பியதே இமிகிரேஷன்தான், நான் சிங்கப்பூரில் இல்லை என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். தெரியாத அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, விடுதியில் பக்கத்துக் கட்டில்காரரையும் கேட்கச் சொல்கிறேன். மிரட்டுவது அவரை அல்ல, என்னை என்பதால் அவருக்குக் காது ஒழுங்காகக் கேட்கிறது.