மூன்று கிழமையில் வாசிக்க வைத்தவன்

எண்பதுகளின் தொடக்கத்தில், வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதைக் கல்முனைப் பக்கத்து ஆசிரியர்களுக்கு நான்தான் கற்பித்தேன். அதற்கு முன் அப்படி ஒரு பிள்ளைக்காவது கற்பித்திருக்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை.

கொழும்பில் பத்து நாள் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பும்படி நான் படிப்பித்த பாடசாலைக்குக் கடிதம் வந்தது. பத்து நாள் இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடம் நடக்கும் என்று தோன்றிய ஆளை அதிபர் தேர்ந்தெடுத்தார். நான் போனேன். பகலில் விரிவுரை, பின்னேரங்களில் பழைய புத்தகக் கடை. திரும்பும்போது பெட்டியில் ஐந்து நாவல்களும் ரோனியோ மெசினில் பிரதியெடுத்த ஒரு கைநூலும் இருந்தன. நாவல்களை ரயிலிலேயே தொடங்கிவிட்டேன்.

கைநூல் சொன்னது எளிமையானதுதான். பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். எழுத்தை மணல் தட்டில் விரலால் எழுதவிடவேண்டும். அட்டையில் ஒரு சொல்லைக் காட்டவேண்டும். மறுநாள் மறந்திருக்கும், திரும்பவும் காட்டவேண்டும். இப்படி மாதக்கணக்கில். அந்த மாதக்கணக்குத்தான் எனக்கு ஒத்துவரவில்லை. நாற்பது ஆசிரியர்களுக்கு முன்னால் மாதிரிப் பாடம் நடத்திக் காட்டும்படி கல்விக் கந்தோரிலிருந்து உத்தரவு வந்திருந்தது. நான் கைநூலைத் திறந்தபோது அதற்கு நாலு நாள் இருந்தது.

எங்கள் ஆண்டு நாலு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாசிப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வேர்த்துக்கொட்டும். அதே பையன் குர்ஆன் ஓதப் போகிற இடத்தில் லெவ்வை சொல்லச் சொல்லக் கேட்டே யாசீன் சூறாவை முழுதாகப் பாடமாக்கி வைத்திருந்தான். எங்கள் ஊர்களில் பிள்ளைகள் கண்ணால் படிப்பதற்கு முன் காதால் படித்துவிடுகிறார்கள். அதனால் எனக்கு அந்த யோசனை வந்ததில் வியப்பில்லை. வாசிப்புப் புத்தகத்தின் ஒரே ஒரு பக்கத்தை மூன்று பின்னேரம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், எந்தச் சொல்லுக்கு விரல் எங்கே நிற்கவேண்டும் என்பதையும் சேர்த்து.

கருத்தரங்கு அன்று மணல் தட்டும் அட்டைகளும் மேசைக்கு அழகாக இருந்தன. பையன் விரலை ஓட்டி வாசித்தான். இரண்டு இடத்தில் தடுமாறும்படி பழக்கியிருந்தேன், தவறாமல் தடுமாறினான். கைதட்டினார்கள். கல்விக் கந்தோர் அதிகாரி எழுந்து வந்து கைகொடுத்தார். பின்வரிசையில் இறக்காமத்திலிருந்து வந்திருந்த ஒரு இளம் டீச்சர், நான் இருமியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தவர், எவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்டார்.

“மூண்டு கிழம,” என்றேன்.

மூன்று நாள் என்றால் சந்தேகப்படுவார்கள். மூன்று மாதம் என்றால் கைதட்டலுக்குக் காணாது. மூன்று வாரம் அளவாக இருந்தது. அவர் அதையும் எழுதி, அடியில் கோடு போட்டார்.

நாலு மாதம் கழித்து, இடைவேளை நேரத்தில் அந்த டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் அதே கொப்பி. அவருடைய வகுப்பில் வாசிக்க வராத ஒரு பெண்பிள்ளை. நான் சொன்னபடியே செய்தாராம், ஒரு நாள்கூட விடவில்லையாம். கொப்பியைத் திறந்து காட்டினார். தினமும் எந்த எழுத்தைக் காட்டியது, பிள்ளை எதை மாறிச் சொன்னது, எது தங்கியது என்று வரிவரியாக இருந்தது. தங்கியவை பதினொரு எழுத்து.

“நான் எங்க பிழ விட்டன் என்டு சொல்லுங்க சேர்,” என்றார்.

அந்தக் கொப்பி நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கைநூலைவிட நல்ல கைநூல். அதைப் பார்த்த பிறகு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் முதலில், மணல் ஈரமாக இருந்திருக்கும் என்றேன். அவர் அதையும் எழுதப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் சொன்னேன்: பையன் வாசிக்கவில்லை, பாடமாக்கினான், மூன்று பின்னேரம்.

பேனாவை மூடினார்.

“அந்தப் புள்ளட வாப்பா வந்து கேட்டார், இன்னும் எவ்வளவு நாளைக்கு என்டு. கல்முனையில ஒரு சேர் மூண்டு கிழமையில வாசிக்க வெச்சவர், நானும் அதே மாதிரித்தான் செய்றன், எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு என்டன். அப்ப டீச்சரில பிழ இல்ல, புள்ளட மூளையிலதான் என்டு போட்டு, பள்ளிய நிப்பாட்டிப் போட்டார்.”

கொப்பியையும் மூடிப் பையில் வைத்தார்.

“இப்ப சொன்னத அவருக்கிட்ட வந்து சொல்லுங்க,” என்றார். இந்த முறை ‘சேர்’ வரவில்லை.

சனிக்கிழமை, அக்கரைப்பற்றில் பஸ் மாறி இறக்காமம் போனேன். டீச்சர் வீட்டைக் காட்டி, உள்ளேயும் கூட வந்தார். தகப்பன் வயல்காரர்; பாய் விரித்து, தேத்தண்ணி தந்து, கல்முனை சேர் என் வீட்டுக்கா என்று பூரித்துப் போயிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது அழகுபடுத்தி வைத்திருந்த வசனங்களை விட்டுவிட்டு, பொய் சொன்னேன் என்ற சொல்லையே பாவித்தேன்.

அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்கட மனம் நோகப்படா என்டு உங்கட பேரயே கெடுக்கப் பாக்கிறீங்க சேர். எனக்கு வெளங்கும். அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்வான்.”

சத்தியம் பண்ணிச் சொல்கிறேன் என்று தொடங்கினேன். “சத்தியமெல்லாம் செய்யாதீங்க சேர், குத்தம்,” என்று தடுத்துவிட்டார். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டாலும், பின்னேரத்தில் சும்மா தன் வீட்டுக்காவது அனுப்பும்படி தகப்பனிடம் கேட்டார். வேளாண்மை வெட்டு முடியட்டும், பார்ப்போம் என்றார் தகப்பன். அந்தப் ‘பார்ப்போம்’ எப்படிப்பட்டது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

புறப்படும்போது ஒரு சட்டி எருமைத் தயிர் தந்தார். வேண்டாம் என்றிருந்தால் அதையும் என் பெருந்தன்மையில் சேர்த்திருப்பார். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்தப் பிள்ளை. பத்து வயதிருக்கும். பஸ் வர நேரமெடுத்தது. பிழை உன்னில் இல்லை மகள், அந்தப் பையனும் வாசிக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று அவளிடமும் சொன்னேன்.

அவள் தகப்பனைப் போலவே மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, சட்டியை என் கையில் தந்தாள்.