ஒரு சொட்டு உள்ளே போகவில்லை

மழைக்காலம் போனால் பாலாற்றில் மணல்தான். எங்கள் தெருக் குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் அது புண்ணியம். இப்படிப்பட்ட ஆம்பூரில் இருந்துகொண்டு தண்ணீருக்கடியில் படம் எடுக்கக் கிளம்பிய ஒரே மனிதர் என் வீட்டுக்காரர் ஜான்சன். இருபது வருஷமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறவர். கையிலிருந்த இரண்டு கேமராவையும் விற்றுவிட்டு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் என்று விலை கூடிய கேமரா ஒன்று வாங்கினார். அதன் பெருமையைக் கேட்டவருக்கும் சொன்னார், கேட்காதவருக்கும் சொன்னார்.

கேமராவைத் தண்ணீரில் இறக்க ஹவுசிங் என்று ஒரு கனத்த அலுமினியப் பெட்டி வேண்டுமாம். முன்னால் கண்ணாடி, பட்டன்களை வெளியிலிருந்தே அழுத்தச் சின்னச் சின்ன முளைகள். சென்னையில் யாரோ கழித்துப் போட்டதை வாங்கி வந்தார். மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் வெடித்துக் கிடந்தது. புது வளையம் வரப் பத்து நாள். எல்லம்மா அக்கா மகள் கல்யாணமோ அந்த வாரக் கடைசி.

எல்லம்மா அக்காவும் நானும் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவர்கள். அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. "தாலி கட்டுற போட்டோ ஒண்ணு பெருசா வேணும் தம்பி. மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்று இவரிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே சுவரில் ஆணியும் அடித்துவிட்டார்.

எங்கள் ஊரில் எது பிய்ந்தாலும் ஒரே வைத்தியம், சோல் ஒட்டும் கம். வாளி, ஃபேன் இறக்கை, பைபிள் அட்டை எல்லாம் அதில்தான் உயிர் வாழ்கின்றன. வீட்டுக்கு வீடு ஒரு சின்ன டப்பா இருக்கும். எப்படி வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, ஜோடியைத் தண்ணீருக்கடியில் எடுக்க ஆலங்காயம் பக்கம் ஒரு விவசாயக் கிணறு. மாப்பிள்ளை ஜீவா குதித்தான். கல்யாணப் பெண் சௌந்தர்யா பயந்து பயந்து படியில் இறங்கினாள். இவர் லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முங்கி முங்கி வீடியோ எடுத்தார். மேலே வந்ததும் பெட்டியைத் துடைத்துக் காட்டினார்.

"பாத்தியா ஹெலன், ஒரு சொட்டு உள்ள போவல."

"ரிங்கு வெடிச்சிருந்துச்சே, இன்னா பண்ணீங்க?"

"உன் கம்தான். சுத்தி ரெண்டு கோட்டு."

ஜெர்மனிக்காரன் பனியில் மிதித்தாலும் சோல் பிரியக் கூடாது என்று செய்த கம் அது. "அப்போ எப்டித் தொறப்பீங்க?" என்றேன். அந்த மகான் அதை யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பினார், தின்னர் ஊற்றினார், வேண்டிக்கொண்டார். மூடி அசையவில்லை. சூடு காட்டினால் கம் விடும், கேமராவும் கூடவே போகும். ரம்பம் போட்டாலும் அதே கதி. பேட்டரியில் கால்வாசிதான் மிச்சம்.

"வேற யார்கிட்டயாவது கேமரா கேளுங்க."

"என்கிட்ட இல்லாத கேமராவா வேற எவன்கிட்டயாவது இருக்குது? தாலி வரைக்கும் தாங்கும்."

எல்லம்மா அக்காவிடம் நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மறுநாள் மண்டபத்தில் குக்கரைத் தூக்கிக்கொண்டு அலைவதைப்போல அந்தப் பெட்டியோடு அலைந்தார். "இன்னாப்பா, மண்டபத்துல வெள்ளம் வரப்போவுதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான்கு பேர் பெட்டியைப் பற்றி விசாரிக்க, இவருக்குத் தலைகால் புரியவில்லை. சார்ஜைச் சேர்த்து வைக்காமல் பந்தி, பாயசம், மேளக்காரர் மீசை எல்லாவற்றையும் எடுத்தார். கெட்டிமேளம் கொட்டியது. மேடையேறிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்து அழுத்தினார். திரை கறுத்துப்போனது. அழுத்தினார், அழுத்தினார், நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. செல்போனில் எடுத்தவர்களின் படத்திலெல்லாம் தாலி இருக்கவேண்டிய இடத்தில் இவர் முதுகு.

மூன்றாம் நாள் எல்லம்மா அக்கா வந்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். "என் பொண்ணு கல்யாணம் இதுக்குள்ளதான இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆணியில் இப்போது அதுதான் தொங்குகிறது.

ஃபுல் ஃபிரேம்காரர் இப்போது இன்னொரு ஸ்டுடியோவுக்கு லைட் பிடிக்கிறார். போன வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

"அக்கா, அந்தக் கேமராதான் என் பொழப்பே."

அக்கா சுவரைப் பார்த்தார்.

"தாலி கட்டுற போட்டோவ குடுத்துட்டு எடுத்துனு போ தம்பி."