ஒட்டிக்கொண்ட ரப்பர் வளையம்

என் அப்பா முப்பது வருட மெக்கானிக். கார் கம்பெனியின் சொந்த ஆயில் ஃபில்டரைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அன்று என் கணவர் தன் வேனுக்கு வேறு பிராண்ட் ஃபில்டரை வாங்கி வந்துவிட்டார். மாப்பிள்ளையிடம் மறுக்க முடியாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டினார் அப்பா. எஞ்சினை ஓடவிட்டதும் தரையெல்லாம் ஆயில்.

“எனக்கு அப்பவே தெரியும்! கண்ட குப்பையையும் வாங்கிட்டு வந்தா இப்படித்தான்!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

ஃபில்டரைக் கழற்றியதும் அப்பாவின் கத்தல் பாதியில் நின்றது. பழைய கம்பெனி ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கோபத்தில் அதைக் கவனிக்காமல், அதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறார்; இரண்டு வளையங்களும் சரியாகப் படியாமல் ஆயில் கசிந்திருக்கிறது. வளையத்தை உரித்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.

“கம்பெனி ஃபில்டரே வாங்கிட்டு வரட்டுமா மாமா?” என்றார் கணவர்.

அப்பா என்னைப் பார்த்தார். விரல்களை விரித்தார்.

“வேணாம் மாப்பிள்ளை. குப்பை இதுதான். பார்க்காம விட்டவன் நான்தான்.”